குருவம்மா காட்டிய கை

மதுரையிலிருந்து தெக்க போற நாலு வழிச்சாலையில, எங்க ஊருக்குப் பிரியுற, பேர்ப் பலகை கூட இல்லாத விலக்குல, ஆளில்லாம ஒத்தைக் கை மட்டும் நடுரோட்டுல நின்ன கதையைக் கேக்கணும்னா உக்காருங்க, டீயைச் சொல்லிட்டு உக்காருங்க, நான் சீக்கிரம் முடிக்கிற ஆளில்ல, நடுவுல எனக்குக் கோவம் வந்துச்சுன்னா குறுக்க பேசாதீக, ஏன்னா அது எங்க மதினி குருவம்மாவோட கை, நான் அவ புருஷனோட கூடப்பிறந்த தங்கச்சி சீனியம்மா, அவ உயிரோட இருந்த வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாள் கூட ஆனதில்ல.

எங்க ஊர் ஓடைநத்தம் ரோட்டுக்கு மேற்க இருக்கு. மனுஷருக்கு வேணுங்கிறது பூராம் கிழக்க இருக்கு: பஸ் நிக்கிற இடம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கூடலிங்கம் அண்ணாச்சி டீக்கடை, அப்புறம் எங்க ஊர்ப் பொம்பளைக முக்காவாசிப் பேர் வேலைக்குப் போற தனுஷ்கோடி மொதலாளியோட தீப்பெட்டி ஆபீஸ். ரோட்டைப் போட்டவுக மேல பாலம் போடல, அடியில பாதை விடல, வெள்ளைக் கோடு இழுத்துட்டுப் போனாக, அதுவும் அடுத்த மழைக்குள்ள தேஞ்சு போச்சு. அதனால எங்க ஊர்ல பிள்ளை நடை பழகின உடனே கை காட்டவும் பழக்கிருவோம்: வண்டி வர்ற பக்கம் பாரு, வலது கையைத் தூக்கு, அஞ்சு விரலையும் விரி, உள்ளங்கை டிரைவருக்குத் தெரியணும், கையை இறக்காம நட, ஓடாதே, நடுவுல அரளிச்செடிகிட்ட நில்லு, மறுபக்கம் திரும்பிப் பாரு, திரும்பவும் கையைத் தூக்கு. அந்த ரோட்டுல எங்களுக்கு வேற காவல் எதுவும் கிடையாது.

அதுலயும் குருவம்மா மாதிரி கை காட்டுறவளை நீங்க பார்த்திருக்க மாட்டீக. சைக்கிள் வந்தாலும் காட்டுவா. ஊருக்குள்ள தெருவுல வெள்ளாடு கூட்டமா வந்தாலும் காட்டுவா. "ஏன் மதினி, கலெக்டரம்மா மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு வர்றியே, வெக்கமா இல்லையா?"ன்னு நான் கேட்டா, "போடி, உனக்கு ரெண்டு உசுரு இருக்கும், ஒண்ணை லாரிக்குக் குடுப்பே, எனக்கு இருக்கிறது ஒண்ணுதான்"பா. குழம்புக்கு உப்புப் போட்டதுல சண்டை, கொடியில துணி காயப் போட்டதுல சண்டை, புருஷனோட வாழ மாட்டாம அண்ணன் வீட்டுல வந்து உக்காந்துட்டேன்னு குத்திக் காட்டுவா, நானும் சும்மா விட மாட்டேன், நாலு தெருவுக்குக் கேக்கும். ஆனா அவளை வையுற உரிமை எனக்கு மட்டும்தான், வேற எவன் வாயும் அவ மேல படக் கூடாது.

வைகாசி மாசம் ஒரு காலையில நான் காய்ச்சல்ல பாயோட பாயா கிடந்தேன். குருவம்மா கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, "செத்துகித்துப் போயிராதே, சாயங்காலம் வந்து சண்டை போடணும்"னு சொல்லிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினா. பாதி ரோட்டைத் தாண்டி, அரளிகிட்ட நின்னு, வடக்க பார்த்து, கையைத் தூக்கிக்கிட்டு மிச்சப் பாதியில இறங்கினா. வடக்கேயிருந்து தனுஷ்கோடி தன்னோட வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கிட்டு வந்தான். டீக்கடையில நின்னவுக, ஆபீஸுக்குப் போகக் கூடி நின்ன பொம்பளைக, அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கார் அவளைத் தூக்கி எறிஞ்சிட்டு அங்கிட்டுத் தள்ளிப் போயி நின்னுச்சு. அவன் இறங்கினான், முதல்ல காரோட முன்பக்கம் நசுங்கியிருக்கான்னு தடவிப் பார்த்தான், அப்புறம்தான் திரும்பி அவளைப் பார்த்தான். நாசமாப் போக.

அன்னைக்குச் சாயங்காலமே ஆபீஸ் வாசல்ல எல்லாரையும் கூட்டி வச்சு, "நான் ஜெயிலுக்குப் போனா ஆபீஸைப் பூட்டிட்டுத்தான் போவேன், அப்புறம் உங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க"ன்னான். யோசிச்சாக. ஸ்டேஷன்ல வரிசையா நின்னு, டீக்கடைக் கூடலிங்கத்துல இருந்து அவளோட ஒண்ணா உக்காந்து குச்சி அடுக்கினவ வரைக்கும், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாக: குனிஞ்ச தலை நிமிராம வந்துச்சு, கை காட்டல. ஆடு வந்தா கை காட்டுறவ, கார் வந்தப்ப கை காட்டலையாம். இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டாரு, கேஸ் அன்னைக்கே படுத்துருச்சு. எங்கண்ணன் அழகரும் செவுத்தைப் பார்த்துப் படுத்தவன்தான், எதுக்கும் எந்திரிக்கல.

அதைக் கூட நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது செல்வி கேட்டதுதான். குருவம்மா பெத்த ஒத்தப் பிள்ளை, அப்ப ஆறாவது படிச்சா.

"அத்தை, எங்கம்மா ஏன் கை காட்டல? எனக்கு மட்டும் தினமும் சொல்லுமே, கையைத் தூக்காம காலை வைக்காதேன்னு. வேணும்னே போயிருச்சா? நாங்க வேண்டாம்னு போயிருச்சா?"

"காட்டியிருப்பாத்தா."

"நீங்க பார்த்தீகளா?"

"நான் எங்க பார்த்தேன், பாயில கிடந்தேன்."

"பார்த்தவுக எல்லாம் காட்டலன்னுதானே சொல்றாக."

அன்னையிலிருந்து அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்ட ஆரம்பிச்சிருச்சு. பஸ் வந்தாலும் அப்படித்தான், லாரி வந்தாலும் அப்படித்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஊரார் அவ அம்மாவைப் பத்திச் சொன்ன மாதிரியே நடந்து போவா, நான் பக்கத்துல ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, பைத்தியக்காரி மாதிரி கத்திக்கிட்டு ஓடுவேன். ஆத்தா போனது பத்தாதுன்னு, ஆத்தா பழக்கிக் குடுத்ததையும் அந்தப் பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கிட்டாங்களே பாவிகன்னு என் வயிறு எரிஞ்சுச்சு. அந்த வயித்தெரிச்சல்ல நான் தினமும் மண்ணை வாரித் தூத்தினேன், மறைவா இல்ல, ஆபீஸ் வாசல்ல நின்னே தூத்தினேன்.

கருமாதி முடிஞ்ச மறுநாள் காலையில செல்வி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு ரோட்டுல காலை வச்சா. வந்த லாரி தேச்சுக்கிட்டு நின்னுச்சு, அதுக்குப் பின்னால வந்த பஸ் நின்னுச்சு, பின்னால ஒவ்வொண்ணா நின்னுச்சு. பார்த்தா, குருவம்மா விழுந்த இடத்துக்கு மேல, ஒரு பொம்பளை தூக்கிப் பிடிச்ச உயரத்துல, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு வலது கை, அஞ்சு விரலையும் விரிச்சு வண்டிகளைப் பார்த்து நின்னுச்சு. இருக்கன்குடிக் கோயில்ல வாங்கின பச்சைக் கண்ணாடி வளையல் கிடந்துச்சு, கட்டைவிரல் ஓரத்துல தீக்குச்சி பத்திக்கிட்டுச் சுட்ட தழும்பு இருந்துச்சு. சுமங்கலியாப் போனவன்னு வளையலோடதான் அவளை நாங்க புதைச்சோம்.

"அடி ஆத்தி, வந்துட்டியா"ன்னேன். எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, அவ எந்தச் சண்டையைப் பாதியில விட்டிருக்கா இதை விட. கூடலிங்கமும் டீயை ஆத்திக்கிட்டே, "நல்லதாப் போச்சு, இனிமே பிள்ளைக பயமில்லாமப் போகலாம்"னான். செல்வி மட்டும் அந்தக் கையை நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"அது உங்கம்மா கைடி."

"எங்கம்மா கை காட்டாது அத்தை. ஊரே சொல்லுது."

ஒரு வாரத்துக்குள்ள அந்தக் கை ஊர்ல ஒரு ஆளாயிருச்சு. யாரும் தாண்டாத நேரம் விரலை மடக்கிக்கிட்டுச் சும்மா நிக்கும், எந்தப் பக்கம் எவர் காலை வச்சாலும் அந்தப் பக்கம் திரும்பி விரியும், கிழவன் கோல் ஊனிக்கிட்டு மெதுவாப் போனாலும் அவன் அங்கிட்டு ஏறுற வரைக்கும் பொறுமையா நிக்கும், காக்கா வந்து உக்காந்தா சுண்டுவிரலால விரட்டிக்கும். ரோட்டு ஆபீஸ்ல இருந்து டேப்போட வந்து உயரம் அளந்துட்டு, இருட்டுல வண்டிக்காரனுக்குத் தெரியணும்னு மணிக்கட்டுல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாக. கண்டக்டர்க, "கை ஸ்டாப் எல்லாம் இறங்கு"ன்னு சத்தம் குடுக்க ஆரம்பிச்சாக. லாரிக்காரக அங்கன வந்தா ஹாரன் அடிக்கிறதை நிப்பாட்டிட்டு, தலையில கட்டின துண்டை அவுத்து மடியில வச்சுக்கிட்டுப் போனாக. பக்கத்து ஊர்ல இருந்து நாலு பேர் வந்து, எங்க விலக்குலயும் தினம் ஒரு உசுரு ஊசலாடுது, எங்களுக்கும் இப்படி ஒரு கை கிடைக்குமான்னு எங்கிட்ட கேட்டாக. "கிடைக்கும், அதுக்கு உங்க ஊர்ல ஒருத்தி சாகணும், அவ மேல ஊரே பொய் சொல்லணும், முடியுமா?"ன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாக.

தனுஷ்கோடி கார் வந்தப்பதான் அந்தக் கை எதுக்கு வந்திருக்குன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. ரோட்டுல தாண்டுறதுக்கு ஒரு ஈ காக்கா இல்ல, ஆனா அவன் கார் வடக்கேயிருந்து தலை காட்டின உடனே விரல் விரிஞ்சிருச்சு. கார் நின்னுச்சு. கையும் நின்னுச்சு. அவன் ஹாரன் அடிச்சான், லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சான், இறங்கி வந்து கண்டபடி வஞ்சான், கார் ஒரு முழம் கூட முன்னால நகரல, மத்த வண்டி எல்லாம் அவனை ஒதுக்கிட்டுப் போச்சு. கடைசியில ஆள் வச்சுக் காரைப் பின்னால தள்ளிக்கிட்டுப் போனான். அன்னையிலிருந்து எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் அந்த விலக்கை அவன் காரால தாண்ட முடியல. வீடு மேற்க, ஆபீஸ் கிழக்க, நடந்துதான் போகணும். நடந்து வந்து காலை வச்சான், அந்தக் கை விரியல. நாலு விரலும் கட்டைவிரலும் சேர்ந்து இறுக்கி மூடிக்கிச்சு, வண்டிக சர்சர்னு அவன் வேட்டியை உரசிக்கிட்டுப் போச்சு, பதறியடிச்சுப் பின்வாங்கினான்.

அப்புறம் கூடலிங்கத்துக்கும் அதே கதை ஆச்சு. வீட்டுல இருந்து பால் கேனைத் தூக்கிக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பினான், கை மூடிக்கிச்சு, ஒரு வேன் கேனைத் தட்டிட்டுப் போயி ரோடு பூராம் பால். அப்புறம் ஆபீஸ்ல வேலை பார்த்த பொம்பளைக, அதுலயும் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்த பொம்பளைக மட்டும். பிள்ளைக கூட ஒட்டிக்கிட்டுப் போயிரலாம்னு பார்த்தாக, பிள்ளை ஏறின உடனே விரல் மூடிக்கும், கூட வந்தவ நடுரோட்டுல மாட்டிக்கிட்டு, அய்யோ அம்மான்னு அரளிச்செடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எவ எவ கை காட்டலன்னு சொன்னாளோ, அவ அவளுக்கு அந்தக் கை இல்ல. அவுக எல்லாரும் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் ரோட்டோரத்துல வரிசையா நின்னு, எதிர்க்க இருக்கிற ரேஷன் கடையையும் டீக்கடையையும் ஆபீஸையும் பார்த்துக்கிட்டே இருந்தாக. எனக்குப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், கஞ்சியைக் கொண்டு போயி அங்கனயே உக்காந்து அவுகளைப் பார்த்துக்கிட்டே குடிச்சேன்.

இந்த நேரத்துலதான் அந்தப் படுபாவி ஒரு வேலை பார்த்தான். ஆடி மாசம், ஒரு பொம்பளைக்கு மருள் வந்துச்சு, வந்துச்சோ வர வச்சானோ, "நான்தான்டா அம்மன், அஞ்சாதேன்னு கை காட்டி நிக்கேன், எனக்குக் கோயில் கட்டுங்கடா"ன்னு ஆடினா. நல்லாப் பாருங்க, கோயில்ல அம்மன் உள்ளங்கையைக் காட்டிக்கிட்டுத்தானே நிக்கும், அதே மாதிரிதானே இருக்குன்னு ஊர் நம்பிருச்சு. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் போடுற மாதிரி ரோட்டைத் தாண்ட முடிஞ்சவுகளை ஏணியில ஏத்தி மதினி கைக்குப் புது வளையலா அடுக்கினாக, மஞ்சள் பூசினாக, எலுமிச்சம்பழ மாலை போட்டாக. தனுஷ்கோடி தன் ஆட்களை விட்டு ரோட்டுக்குக் கிழக்க ஒரு தகரக் கொட்டகை போட்டு, "அருள்மிகு அபயக்கை அம்மன், உபயம் தனுஷ்கோடி"ன்னு போர்டும் மாட்டிட்டான். அந்தப் போர்டைப் பார்த்துட்டு நான் நடுத்தெருவுல நின்னு கத்தின கத்துல கோழி எல்லாம் கூரையில ஏறிருச்சு. "அடேய், அது அருள் குடுக்கிற கை இல்லடா! நில்லுடான்னு சொல்ற கை! உங்கிட்ட சொன்ன கை! குருவம்மாவா இருந்தா சாட்சி கேப்பா, சாமியா ஆக்கிட்டாக் கேக்க மாட்டான்னு நினைச்சியாடா?"

ஊர் அம்மனைக் கும்பிட்டுச்சு, ஆனா கை விரியல. வளையல் குடுத்து விட்டவளுக்கும் விரியல, மாலை குடுத்து விட்டவனுக்கும் விரியல.

கடைசியில கூடலிங்கம்தான் முதல்ல எங்க வீட்டு வாசலுக்கு வந்தான். கடை பூட்டிக் கிடந்து கிடந்து ஆளே உருகிப் போயிருந்தான். "சீனியம்மா, தப்புப் பண்ணிட்டேன்"னு என் கால்ல விழப் போனான்.

"என் கால்ல எதுக்கு விழுற? அந்தக் கை என்னுதா? அந்தா உக்காந்திருக்கா பாரு, அவகிட்ட சொல்லு"ன்னேன்.

செல்வி வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. அவ முன்னால குத்துக்கால் போட்டு உக்காந்து, "ஆத்தா செல்வி, உங்கம்மா கை காட்டுச்சுத்தா. நான் டீ ஆத்திக்கிட்டே பார்த்தேன்"னான்.

"எந்தக் கை மாமா?"

"வலது கை. நல்லா மேல தூக்கி."

"விரலை விரிச்சா, மூடியா?"

"விரிச்சுத்தாத்தா. அஞ்சு விரலையும் விரிச்சு."

"அப்ப ஏன் காட்டலன்னு சொன்னீக?"

அவன் அழுதான். அவ அழல. சாயங்காலம் அவன் ரோட்டுல காலை வச்சப்ப கை விரிஞ்சிருச்சு, ஊரே பார்த்துச்சு, மறுநாள் எங்க வீட்டு வாசல்ல பொம்பளைக வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. ஒவ்வொருத்தியும் வந்து உக்காந்து பார்த்ததைச் சொன்னா, ஒவ்வொருத்தியையும் அவ அதே கேள்வி கேட்டா, எந்தக் கை, விரிச்சா மூடியா, ஏன் அப்படிச் சொன்னீக. நான் அவுகளைச் சும்மா அனுப்பல, எல்லாரையும் ஓட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன், இன்ஸ்பெக்டர் முன்னால நின்னு பழையபடி வரிசையாச் சொன்னாக, இந்தத் தடவை காட்டுச்சுன்னு. அவர் பேனாவை மூடி வச்சுட்டு, "இத்தனை பேர் மாத்திச் சொன்னா கேஸைத் திரும்ப எடுத்துத்தான் ஆகணும்"னாரு.

இனிமேலாவது பிள்ளை கையைப் பிரிக்கும்னு பார்த்தேன். மறுநாளும் பின்னால கட்டிக்கிட்டே தாண்டினா.

"இன்னும் என்னடி உனக்கு? எல்லாரும் சொல்லிட்டாகளே."

"இவுக முதல்ல ஒண்ணு சொன்னாக, இப்ப ஒண்ணு சொல்றாக. இடிச்சவரு சொல்லட்டும் அத்தை. அவருதான் கிட்டத்துல பார்த்தவரு."

சரிதான், அவ குருவம்மா மகதானே. அன்னைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த வார்த்தையை அவன் வாயில இருந்து பிடுங்காம விடுறதில்ல, இல்லாட்டி அந்தப் பிள்ளையை ஒரு நாள் ரோட்டுல இருந்து நான் அள்ளிக்கிட்டு வருவேன்.

ஆவணியில முகூர்த்த நாள் பார்த்து அவன் அந்தக் கொட்டகைக்குக் கும்பாபிஷேகம் வச்சான். மேளம், மைக்செட், ஐயர், எல்லாம் ரோட்டுக்குக் கிழக்க. கோயில் கட்டினவனுக்குத்தான் முதல்ல தலையில பட்டுத்துணி சுத்திப் பரிவட்டம் கட்டுவாக, அதை வாங்குறதுக்குப் பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, மேற்கேயிருந்து வந்து ரோட்டோரத்துல நின்னான். நான் செல்வியைக் கூட்டிக்கிட்டுப் போயி அவன் முன்னால குறுக்க நின்னேன். அந்தப் பக்கம் மேளம் நின்னுச்சு, ஊர் பூராம் எங்களைத்தான் பார்த்துச்சு.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ மொதலாளி. குருவம்மா கை காட்டினா, நான்தான் நிக்கலன்னு இந்தப் பிள்ளைகிட்ட சொல்லு. உண்மையைச் சொன்னவுகளுக்கு விரிஞ்ச கை உனக்கும் விரியும்."

"தள்ளிப் போடி. சின்னச் சிறுக்கி முன்னாடி நான் கை கட்டி நிக்கணுமாக்கும்."

"நீ கை கட்ட வேண்டாம். பார்த்ததைச் சொல்லு."

அவனுக்கு அத்தனை நாள் வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடந்த கோவம், ஊர் முன்னால ஒரு பொம்பளை மறிக்கிற கோவம், எல்லாம் சேர்ந்து மூஞ்சி செவந்துருச்சு. "பார்த்தேன்டி! பார்த்தேன்! காட்டினா! நல்லாத்தான் காட்டினா! எங்கிட்ட கூலிக்குக் குச்சி அடுக்குறவ கையைத் தூக்கினா நான் வண்டியை நிப்பாட்டணுமா?"ன்னு கத்தினான்.

செல்வி அவனையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் அந்தக் கையைப் பார்த்தேன், உண்மையைச் சொல்லிட்டானே, விரியுமோன்னு. விரியல. மூடினது மூடினபடி, வளையல் ஒண்ணு கூட ஆடாம இருந்துச்சு. அவன் அதைப் பார்த்துட்டு, "உன் கை எனக்கு எதுக்கு, எனக்குக் கை இல்லையா?"ன்னு சொல்லிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டி, தன்னோட வலது கையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கினான். முதல் பாதியில வந்த வண்டிக்காரன் ஒதுங்கிப் போனான், இவன் தாண்டிட்டான். அரளிகிட்ட நிக்கக் கூட இல்ல. இவனுக்காக எல்லாம் நிக்கும்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு மிச்சப் பாதியில காலை வச்சான், கையில அஞ்சு மோதிரம், அஞ்சு விரலையும் விரிச்சு, வடக்க பார்த்து நல்லா உசத்திக் காட்டினான். வடக்கேயிருந்து வந்த லாரிக்காரன் எந்த ஊர்க்காரனோ, அவனுக்கு இவன் மொதலாளியும் இல்ல ஒண்ணும் இல்ல, ரோட்டுல கையைத் தூக்கின இன்னொரு ஆள், அவ்வளவுதான். நிக்கல.

குருவம்மா விழுந்த இடத்துலயேதான் அவனும் விழுந்தான், எந்திரிக்கல.

அப்பதான் அந்தக் கை விரிஞ்சுச்சு. யாரையும் மறிக்க இல்ல, சுமையை இறக்கி வச்சவ விரலை உதறி விடுவா பாருங்க, அப்படி விரிஞ்சு, அப்புறம் அங்கன இல்ல. ஊர்க்காரக போட்ட வளையல், எலுமிச்சம்பழம், சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம் ரோட்டுல கொட்டுச்சு. பச்சை வளையல் மட்டும் அதுல கிடக்கல, அதை அவ கொண்டு போயிட்டா.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. லாரிக்காரன் தூரத்துல நின்னுக்கிட்டு இருந்தான், அவனோட கம்பெனி ஆளு ஒருத்தர் அதுக்குள்ள வந்து கூடலிங்கம் காதுல ஏதோ ஓதிக்கிட்டு இருந்தாரு. "ஆள் எப்படித் தாண்டினாரு? கை காட்டினாரா, இல்லையா?"ன்னு கேட்டாரு இன்ஸ்பெக்டர். ஊர் பூராம் என் மூஞ்சியைப் பார்த்துச்சு. நான் என்ன சொல்றேனோ அதையே சொல்லக் காத்துக்கிட்டு நிக்காக, எனக்குத் தெரியுது. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு: குனிஞ்ச தலை நிமிராம வந்தாரு, கை காட்டல. அப்படியே, ஒரு எழுத்து மாறாம. அதைச் சொல்லத்தானே நான் இத்தனை நாள் சோறு தின்னேன். வாயைத் திறந்துட்டேன்.

"காட்டினாரு சார்."

செல்வி. என் நெஞ்சு உயரத்துல நின்னுக்கிட்டு சொன்னா.

"வலது கை. அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினாரு. நான் பார்த்தேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

"பாப்பா, உங்கம்மாவை இடிச்சது இவர்தானே?"ன்னு கேட்டாரு இன்ஸ்பெக்டர், அவருக்கே குரல் இறங்கிருச்சு.

"ஆமா சார். எங்கம்மாவும் இப்படித்தான் காட்டுச்சு. அதையும் சேர்த்து எழுதிக்கோங்க."

நான் வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் எனக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுச்சு, அந்தப் பிள்ளை சொன்னதை விடப் பெரிய தண்டனை நான் யோசிச்சதுல கிடையாதுன்னு. "ஆமா சார், காட்டினாரு"ன்னேன் நானும், சத்தமா, அந்தப் பக்கம் மைக்செட் வரைக்கும் கேக்கிற மாதிரி. "நல்லா உசத்திக் காட்டினாரு. காட்டியும் வண்டி நிக்கல. அது எப்படி இருக்கும்னு இப்ப அவருக்கும் தெரியும்." எனக்குப் பின்னால ஒவ்வொருத்தரா வந்து சொன்னாக, காட்டினாரு, காட்டினாரு, காட்டினாரு. லாரிக்காரனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாக.

மறுநாள் செல்வி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினா. ரோட்டோரத்துல நின்னு வடக்க பார்த்தா, தெக்க பார்த்தா, பின்னால கட்டியிருந்த கையைப் பிரிச்சு, வலது கையைத் தூக்கினா. யாத்தே, அந்தத் தூக்கு அப்படியே அவ ஆத்தா தூக்கு. ஒரு பஸ் நின்னுச்சு. ஒரு வேன் நின்னுச்சு. ஒரு கார் நிக்காம, ஹாரன் அடிச்சுக்கிட்டே வளைச்சு ஓடிருச்சு.

இப்ப எங்க விலக்குல சாமிக் கையும் இல்ல, பேய்க் கையும் இல்ல, எங்க கைதான் இருக்கு. அந்தத் தகரக் கொட்டகையை நிழலுக்கு வச்சுக்கிட்டோம், அதுல விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஊர்ல ரெண்டு பேராவது உக்காந்திருப்போம், இந்தா இப்ப நீங்களும் நானும் உக்காந்திருக்கோமே அப்படி. யார் தாண்டினாலும் பார்ப்போம். எவன் நின்னான், எவன் நிக்கல, வண்டி நம்பர் என்ன, ஓட்டினவன் மூஞ்சி எப்படி, எல்லாம் பார்ப்போம். ஸ்டேஷன்ல கேட்டா பார்த்ததைச் சொல்லுவோம், இனி எவன் ஆபீஸைப் பூட்டினாலும் சொல்லுவோம்.

டீ ஆறிப் போச்சு, குடிங்க. உங்க வண்டி எங்க நிக்குது? அந்தச் சாம்பல் கலர் காரா? தெரியும். வர்றப்ப அந்தக் கிழவிக்கு நிப்பாட்டினீக, பார்த்தேன். அதனாலதான் உக்காருங்கன்னு சொன்னேன்.